ஐந்து விரற்கடை

பகாவ் செம்பனை ஆலையில்
பாய்லரிலிருந்து அவிப்பான் வரை
நாற்பது மீட்டர் நீராவிக் குழாய்.
ஞாயிற்றுக்கிழமை அது ஒரு நீளம்.
திங்கள் பத்து மணிக்கு வேறொரு நீளம்.
இருநூற்றுப் பதினைந்து டிகிரியில்
ஏறக்குறைய ஐந்து விரற்கடை கூடும்,
யாரிடமும் கேட்காமல்.

அதற்காகத்தான் நடுவில் அந்த வளைவு,
வேலையில்லாதவன் நடைபோலச் சுற்றிப் போகிறது.
அதற்காகத்தான் தாங்கிகளின் மேல் உருளைகள்.

புதிதாய் வந்த உதவிப் பொறியாளர் ஃபைருஸ்
நல்ல பிள்ளை. நோன்பிலும் கூரைமேல் ஏறுவார்.
ஏழாம் உருளையைக் காலால் தட்டிப் பார்த்து
"கோயாங் நி, கிம்பால் சஜா" என்றார்.
ஆடுகிறதாம். ஒட்டிவிட வேண்டுமாம்.

பதினேழு வருடம்
அந்தக் குழாயின் கீழே சோறு தின்றவன் நான்.
தெரியாதா?
அந்த வாரம்தான் ஃபோர்மேன் வேலைக்கு
என் பெயர் மேலே போயிருந்தது.
முகமூடியை இறக்கினேன்.
நல்ல ஒட்டு.
கெட்ட ஒட்டு என் கைக்கு வராது.

திங்கள்.
சன்னாசி வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறந்தார்.
முதலில் தண்ணீர் வடிந்தது,
பிறகு வெள்ளைப் புகை,
பிறகு கண்ணுக்குத் தெரியாத நிஜமான ஆவி.
எட்டு பார். பன்னிரண்டு.
குழாய் நீண்டு நீண்டு வந்து
என் ஒட்டில் முட்டி நின்றது.
பதினாறில் முனகியது.
போக இடமில்லாத இரும்பு என்ன செய்யும்,
பக்கவாட்டில் புடைத்தது.
ஒன்பதாம் இணைப்பில் கேஸ்கெட் கிழிந்து
வெள்ளையாக ஒரு சத்தம்.
சன்னாசி ஓடவில்லை.
வால்வை மூடிவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தார்.

யாருக்கும் அடியில்லை.
இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நான்கு நாள் ஆலை நின்றது.
பழ லாரிகள் முச்சந்தி வரை வரிசை நின்றன,
குலைகள் புளித்தன.
ஓவர்டைம் போயிற்று.
அறிக்கையில் ஃபைருஸ்
"என் உத்தரவு" என்று எழுதினார்.
என் பெயர் அதில் எங்குமே இல்லை.
இரண்டு தடவை படித்தேன்.

மங்களேஸ்வரியின் மோதிரம் மதியத்தில் கழலாது.
வெயிலில் தங்கமும் கொஞ்சம் விரியும்,
விரல் அதைவிட அதிகம் விரியும்.
விடியற்காலை ஐந்து மணிக்கே கழற்றி
கைக்குட்டையில் முடிந்துவைத்து
அடகுக்கடை திறக்கும் ஒன்பதரைக்காகக் காத்திருந்தாள்.
விரலில் ஒரு வெளுத்த வளையம்.

அன்றிரவு
குவாட்டர்ஸ் தகரக்கூரை
பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தைச்
சில்லறையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.
டிக்.
வெகுநேரம் கழித்து இன்னொரு டிக்.
"தெரிஞ்சேதான் ஒட்டினேன்" என்றேன்.
தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.
"எங்கிட்ட சொல்லி என்ன?
அந்தத் தம்பிகிட்ட சொல்லு."

மறுநாள் கிரைண்டரால் என் ஒட்டை நானே அறுத்தேன்.
விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார் ஃபைருஸ்.
சொன்னேன்.
தீப்பொறி அவர் சப்பாத்தில் விழுந்து அணைந்தது,
இன்னொன்றும் விழுந்தது.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
"எவ்வளவு நகரும்?" என்று மட்டும் கேட்டார்.
கையுறையைக் கழற்றி
ஐந்து விரலையும் சேர்த்துவைத்துக் காட்டினேன்.
தன் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
அவர் விரல்கள் மெலிந்தவை,
ஆறு வேண்டியிருக்கும்.

தண்டவாளத்தில் இரண்டு சுண்ணக்கோடு போட்டோம்.
இது குளிர். அது சூடு.
நடுவில் சிவப்புப் பெயின்டில்
ஒட்டாதே என்று நான் எழுதினேன்,
ஜாங்ஙான் கிம்பால் என்று அவர்,
வங்காளத்தில் ரஃபிகுல்.
ஐந்து விரற்கடைக்குள் மூன்று மொழி.
எழுத்தைக் குறுக்க வேண்டியிருந்தது.

என் பெயர் இன்னும் மேலேதான் இருக்கிறது.
மோதிரம் தீபாவளிக்குள் வந்துவிடும்.

ஞாயிறு இரவு ஆலையில் சத்தமில்லை.
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
உருளை மெல்ல மெல்லத் திரும்பி வந்து
குளிர்க்கோட்டுக்கு ஒரு நூல் முன்னால் நின்றுவிட்டது.
அந்த ஒரு நூலை எங்கே விட்டுவந்ததென்று
திங்கள்தான் தெரியும்.